அத்தானுக்கு மட்டும் தப்பிப்போன கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தைப்பூசம் முடிந்த கையோடு ஆரம்பித்த விஷயம் இது. பாதி சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் நடந்தது, மீதி ஈசூனில் என் அக்கா வீட்டில். நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். இருபது வருட அனுபவம் என்று எங்கே போனாலும் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமைக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் சின்னத் தொண்டர் குழு ஒன்றில் நானும் அத்தானும் இருக்கிறோம். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாள்கூட டிப்போவுக்குத் தாமதமாகப் போனதில்லை என்று அவர் சொன்னால் அக்காவே மறுக்க மாட்டாள். மற்ற எல்லாவற்றையும் மறுப்பாள்.

எங்களுக்கென்று சமையலறை கிடையாது. லிட்டில் இந்தியாவில் கேட்டரிங் நடத்தும் ஒரு நல்ல மனிதர், தனக்கு வேலை இல்லாத நாட்களில் அவருடைய சமையலறையை எங்களுக்குக் கொடுப்பார். அதனால் எங்கள் சமையல் நாள் வாரத்துக்கு வாரம் மாறும். தொண்டர்கள் எல்லோரும் ஒன்பது மணிக்கு வருவார்கள். அத்தான் மட்டும் காலை ஆறு மணிக்கே போய்க் கதவைத் திறந்து, பருப்பை ஊறவைத்து, காய்கறியைக் கழுவி வைப்பார். நாலரைக்கே விழித்துவிடும் பஸ் டிரைவர் உடம்பு அது. அந்த ஆறு மணி வேலைக்கு வேறு யாரும் போட்டிக்கு வந்ததில்லை.

முன்பெல்லாம் குழுத் தலைவி அம்மா ஒவ்வொருவராக போன் போட்டு, யாருக்கு என்றைக்கு முறை என்று சொல்லுவார். அவர் கஷ்டப்படுவதைப் பார்த்து நான்தான் முன்வந்தேன். அவர் அட்டவணையில் ஆள், நாள், மணி மூன்றையும் போட்டுவிட்டால் போதும், மூன்று நாள் முன்னதாக எல்லோருக்கும் தானாக மெசேஜ் போகும்படி ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அவரவர் நேரம் அவரவருக்குத் தெரியும்தானே, எதற்கு மணியெல்லாம் என்று, கிழமையையும் தேதியையும் மட்டும் மெசேஜில் போட்டேன். மெசேஜ் சின்னதாக அழகாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரமே அத்தான் ஒரு நாள் முந்திப் போய் நின்றார். உள்ளே கேட்டரிங் ஆட்கள் யாருடைய கல்யாணத்துக்கோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். “உங்க டர்ன் நாளைக்குத்தான் லா, அண்ணே” என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார்களாம். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அடுத்த முறையும் அப்படியே. அப்போதும் சிரித்தோம், ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

மூன்றாவது முறை நடந்ததும் அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

“மச்சான், மெசேஜ்ல செவ்வாய்ன்னுதான் போட்டிருந்துச்சு. நான் பாத்தேன்.”

“மெசேஜைக் காட்டுங்க அத்தான்.”

மெசேஜ் இல்லை. சொந்தக்காரர்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்களால் அவர் போன் எப்போதும் நிரம்பி வழியும். அதனால் எது வந்தாலும் படித்துவிட்டு உடனே அழித்துவிடுவார். நான் என் போனில் அட்டவணையைத் திறந்து காட்டினேன். புதன் என்று சுத்தமாக இருந்தது. “மத்தவங்க எல்லாருக்கும் சரியாத்தான் போயிருக்கு. கம்ப்யூட்டர் உங்களுக்கு மட்டும் தப்பா அனுப்புமா? நீங்கதான் சரியா படிக்கல” என்றேன். அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “இருக்கும், இருக்கும்” என்றார்.

அடுத்து நடந்ததுதான் விவகாரமாகிவிட்டது. அவருடைய மகள் வேலைக்குப் போகிறாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் பேத்தியை மதியம் ஒன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது அத்தானின் பொறுப்பு. அவர் நாள் முழுக்க எதிர்பார்த்திருப்பது அந்த ஒன்றரை மணியைத்தான். அந்த வாரம், வியாழக்கிழமை தனக்குச் சமையல் இருக்கிறது, வர முடியாது என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அவளும் அரை நாள் லீவு போட்டுப் பிள்ளையை அழைத்து வந்தாள். இவர் வியாழன் காலை போய், இன்று இல்லை என்று திரும்பி வந்திருக்கிறார். மறுபடி வெள்ளிக்கிழமை போய், முட்டைக்கோஸ் நறுக்குவதில் மூழ்கி, பள்ளியை மறந்தேபோனார். பிள்ளை கேட் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். பள்ளியிலிருந்து மகளுக்கு போன் வந்தது.

அதற்குப் பிறகு யாரும் சத்தம் போடவில்லை. மகள் அமைதியாகப் பிள்ளையைப் பள்ளி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளும் இடத்தில் சேர்த்துவிட்டாள். “அப்பாவுக்குக் கஷ்டம் வேணாம்னுதான்” என்று சொன்னாள். நான்தான் பெரிய மனிதன் போல அக்காவைத் தனியாக அழைத்து, எதற்கும் ஒருமுறை ஞாபக சக்தியைப் பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்று யோசனை சொன்னேன். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

கிளினிக்கில் சில கேள்விகள் கேட்டார்களாம். முழுத் திருப்தி இல்லை என்று பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அத்தான் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது. கடைக்குப் போனால் கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவார். அக்கா எனக்கு போன் செய்து அழுவாள். நான் ஆறுதல் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான் போனில் மெசேஜ் வந்த சத்தம். அவர் பார்க்கவேயில்லை, போனை அப்படியே என்னிடம் நீட்டினார்.

“நீயே படி மச்சான். எனக்கு என் கண்ணு மேல நம்பிக்கை இல்ல.”

படித்தேன். செவ்வாய் என்று இருந்தது. என் போனில் அட்டவணையைப் பார்த்தேன். புதன் என்று இருந்தது. மறுபடியும் படித்தேன். செவ்வாய்தான்.

அவரிடம் ஒன்றும் சொல்லாமல், ஆபீஸ் வேலை என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். புரோகிராமில் தேதியை எழுத்தாக மாற்றும் அந்த ஒரே வரியை லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். புதன் என்று வந்தது. மெசேஜ்களை அனுப்புவதற்காக வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் அதே வரியை ஓட்டினேன். செவ்வாய் என்றது. வரி ஒன்றுதான், தகவல் ஒன்றுதான், பதில் மட்டும் இரண்டு. மற்ற தொண்டர்களுக்கு ஓட்டினேன், எல்லோருக்கும் இரண்டு இடத்திலும் புதன்தான். அத்தானுக்கு மட்டும் செவ்வாய். அவர் பெயரில் ஏதாவது கோளாறா? அவர் நம்பரிலா? ஒரு கட்டத்தில், இவர்தான் போனில் எதையாவது மாற்றிவைத்திருப்பாரோ என்றுகூட நினைத்தேன். சர்வரில் ஓடும் வரிக்கும் அவர் போனுக்கும் என்ன சம்பந்தம்? அவ்வளவு குழம்பிப்போயிருந்தேன், அந்த நிலையிலும் அவர் மேலேயே பழியைப் போடப் பார்த்தேன்.

அக்கா கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது. வேறு வழி தெரியாமல் அவருடைய நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்பது மணி போட்டால் புதன். ஏழு மணி போட்டால் செவ்வாய். எட்டு மணி போட்டால் புதன். ஏழு ஐம்பத்தொன்பது போட்டால் செவ்வாய்.

எட்டு மணியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டர்கள் உள்ளுக்குள் நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் வைத்திருக்கும். சிங்கப்பூர் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதை எழுத்தாக மாற்றும்போது எந்த ஊர் நேரம் என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது ஓடுகிற மெஷினுடைய ஊரை எடுத்துக்கொள்ளும். என் லேப்டாப்பின் ஊர் சிங்கப்பூர், அதனால் நான் சோதித்த போதெல்லாம் சரியாக வந்தது. சர்வருக்கு உலகப் பொது நேரம்தான் தெரியும். நமக்குப் புதன்கிழமை காலை ஆறு மணி ஆகும்போது, அதற்கு இன்னும் செவ்வாய் இரவு பத்து மணி. எட்டு மணிக்கு முன்னால் வேலை தொடங்கும் தொண்டர் எங்கள் குழுவில் ஒரே ஒருவர்தான். மெசேஜில் மணியையும் போட்டிருந்தால், இரவு பத்து மணியைப் பார்த்து முதல் நாளே கண்டுபிடித்திருப்போம். அழகாக இருக்கட்டும் என்று அதை எடுத்தவன் நான்தானே.

அந்த வரியில் ஊர்ப் பெயரைச் சேர்த்தேன். அரை நிமிட வேலை. சொல்லாமல் விட்டுவிடலாம், இனிமேல் சரியாகத்தான் போகும் என்று ஒரு எண்ணம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அத்தான் சோபாவில் கைகளைத் தொடைமேல் வைத்தபடி, டிவியைப் பார்க்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அக்கா மகளை போனில் அழைத்து வரச் சொன்னேன். அவள் வீடு பக்கத்து அடுக்குமாடி பிளாக்கில்தான். எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். சர்வர், நேரம் என்று நான் விளக்கியதை அத்தான் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அப்ப நான் சரியாத்தான் படிச்சேனா?”

“சரியாத்தான் படிச்சீங்க, அத்தான்.”

“எல்லா தடவையும்?”

“எல்லா தடவையும். தப்பு என்னோடது.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள், “அப்பா, சாரிப்பா, சாரிப்பா” என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் என்னைப் பார்த்து, “ஏன் மச்சான், ஒரு தடவகூட உனக்கு மெஷின் மேல சந்தேகம் வரலயா?” என்று மட்டும் கேட்டார். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது போல இருந்தது.

பிறகு அவராகவே மெல்லச் சிரித்தார். “கிளினிக்ல அந்த டாக்டர் பொண்ணு, இன்னிக்கு என்ன தேதின்னு கேட்டுச்சு. எனக்குக் கரெக்டா தெரியும். ஆனா நான் நெனைக்கிறதுதான் எப்பவும் ஒரு நாள் முன்னாடியே இருக்குதேன்னு, ஒரு நாள் கூட்டிச் சொல்லிட்டேன்” என்றார்.

பெரிய மருத்துவமனையில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே பேத்தியைக் கூட்டி வரும் வேலையும் அவரிடமே திரும்பி வந்தது. இப்போதும் ஆறு மணிக்கு அவர்தான் கதவைத் திறக்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் முந்தின நாள் எனக்கு போன் செய்து, “நாளைக்குத்தானே மச்சான்?” என்று கேட்கிறார். அரை நிமிடத்தில் புரோகிராமைத் திருத்த முடிந்த எனக்கு, ஒரு மனிதர் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையைத் திருத்திக் கொடுக்க இன்னும் முடியவில்லை. அதனால் எத்தனை முறை கேட்டாலும், அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொல்கிறேன்.