கடைவாயில் ஒரு விரல்

ரஷீத் போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் கிடைத்தபோது அவரை மண்ணுக்குள் வைத்தாகிவிட்டது. பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி நான் இருக்கும் கண்டிக்குப் போன் எடுத்தார். "நானா மௌத்தாகிட்டாங்க டாக்டர். நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முந்தியே முடிஞ்சிட்டு. அடக்கமும் ஆயிட்டு" என்றார். எத்தனையோ பேருக்கு மூச்சுக்குழாய் போட்ட மனிதருக்கு, கடைசியில் பக்கத்தில் ஒரு டாக்டர்கூட இல்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் இப்படியா அவசரப்படுவது என்று செத்தவரையே திட்டினேன். அழுகை பிறகுதான் வந்தது.

அவரோடு வேலை செய்தவர்கள் இதை வாசிப்பீர்கள். நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அவரைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது உங்களுக்கும் தெரியும். மயக்க மருந்து கொடுத்து ஒரு பிள்ளைத்தாச்சியைக் கொன்றுபோட்ட டாக்டர் என்ற பேச்சு. அது பொய். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று அவரே என்னைக் கேட்டிருந்ததால் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஊவா மலையில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரஷீத் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். இரண்டு பேரும் மயக்க மருந்துப் பிரிவில் பயிற்சிக்கு நின்றோம். எங்கள் பெரிய டாக்டர் கற்றுக்கொடுத்த முறை மிகவும் சுருக்கமானது. வாய்க்குள் வெளிச்சம் காட்டும் அந்த வளைந்த தகட்டை இடது கையில் திணிப்பார், "போடு" என்பார், தவறினால் திட்டுவார். நாக்கை ஒதுக்கி, குரல்வளையைக் கண்ணால் கண்டு, நோயாளி மூச்சில்லாமல் கிடக்கும் அந்தச் சிறிய இடைவெளிக்குள் குழாயை உள்ளே விட வேண்டும். நான் அவசரத்தில் தகட்டை மேல் பல்லின் மீது சாய்த்து நெம்புவேன். ஒருநாள் பாவம் ஒரு கங்காணியின் முன்பல் ஆடிப்போயிற்று.

அன்று தேத்தண்ணி குடிக்கும்போது ரஷீத் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். நான் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கிளார்க்கர் மகள் என்பதால், கேலி செய்யும்போதெல்லாம் என்னைக் கிளார்க்கரையா மகள் என்றுதான் கூப்பிடுவார். "கிளார்க்கரையா மகள் கடைப் பலகை கழட்டினதே இல்லப் போல. எங்க வாப்பாட கடைப் பலகையத் தூக்கித்தான் எடுக்கணும். நெம்பினா பலகையும் போகும், சட்டமும் போகும்" என்றார். பிறகு ஒரு கரண்டியை எடுத்து, மணிக்கட்டை மடக்காமல் முழங்கையிலிருந்து எப்படித் தூக்குவது என்று காட்டினார். அடுத்த வாரம் என் குழாய் முதல் தடவையிலேயே உள்ளே போயிற்று. நான் பூரித்துப்போய் நின்றேன். அவரோ என்னைப் பார்க்காமல், நோயாளியின் நெஞ்சில் காதுக்குழாயை வைத்து இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தார். "போட்டது கெட்டித்தனம் இல்ல. காத்து போகுதான்னு கேக்கிறதுதான் கெட்டித்தனம்" என்றார்.

அது தோட்டங்களில் பசி தலைவிரித்தாடிய காலம். ரேஷன் கூப்பன் மாவும் சரியாகக் கிடைக்கவில்லை. பசியை மறக்க வெற்றிலையைப் போட்டு, சாற்றை விழுங்காமல் சக்கையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு பெண்கள் மலை ஏறுவார்கள். பயம் வந்தாலும் வெற்றிலைதான், நோவு வந்தாலும் வெற்றிலைதான். தோட்டத்திலேயே வளர்ந்த எனக்கு அது தெரியாததல்ல. தெரிந்தும் என்ன, சத்திர சிகிச்சைத் தியேட்டர் கதவுக்குள் போனதும் அதெல்லாம் மறந்துவிடும்.

பவளம் என்ற பெண்ணைத் தோட்டத்து லொறியில் கொண்டுவந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தது. உடனே அறுக்க வேண்டும். பெரிய டாக்டர் கொழும்புக்குப் போயிருந்தார். மயக்கம் கொடுக்கும் பொறுப்பு ரஷீத்துக்கு வந்தது. மாமியார் மூக்காயி கூட வந்திருந்தாள். ஏதாவது சாப்பிட்டாளா என்று ரஷீத் கேட்டார். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று அவள் சொன்னாள். அது உண்மைதான். பவளத்தின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். சிவந்திருந்தது. எந்தத் தோட்டத்துப் பெண்ணின் வாய் சிவக்காமல் இருக்கிறது?

மருந்து ஏறியது. வயிற்றில் உள்ளது மேலே ஏறிவராமல் இருக்க நான் அவள் தொண்டையை விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். ரஷீத் தகட்டை வைத்தார், தூக்கினார், குழாயை விட்டார். சரியான இடத்தில்தான் விட்டார், நானும் பார்த்தேன். ஆனால் காற்றுச் செலுத்தும் பையை அழுத்தினால் நெஞ்சு எழவில்லை. பை கல்லாக இருந்தது. குழாயை உருவினார். அதன் நுனியில் வெற்றிலைச் சக்கை ஒட்டியிருந்தது. கடைவாயில் அடக்கியிருந்தது, தசைகள் தளர்ந்ததும் பின்னால் சரிந்து, குழாய் போகுமுன்பே மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது. இடுக்கியால் கொஞ்சம் எடுத்தோம். மீதி இன்னும் கீழே இறங்கிவிட்டது. சத்திர சிகிச்சை டாக்டர் அதற்குள் பிள்ளையை எடுத்துவிட்டார். பெண் பிள்ளை, வீறிட்டு அழுதது. அந்த அழுகை கேட்டுக்கொண்டிருக்கும்போதே தாயின் இதயம் நின்றது. ரஷீத் நெஞ்சை அமுக்குவதை விடவில்லை. போதும் என்று அந்த டாக்டர் அவர் தோளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

வெளியே வாங்குப் பலகையில் மூக்காயி உட்கார்ந்திருந்தாள். ரஷீத்தின் பின்னால் நானும் போனேன். செய்தியைச் சொன்னதும் அவள் ஓலமிடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நான்தாங்கய்யா லொறியில வெத்தலை மடிச்சுக் குடுத்தேன். பயந்து நடுங்குனா, கடவாயில ஒதுக்கிக்கடின்னேன். அதனால எதுவும் ஆயிருச்சுங்களா?"

ரஷீத் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "வெத்தலையால ஒண்ணும் இல்லம்மா. நான் குடுத்த மருந்து அவங்களுக்கு ஒத்துக்கல்ல. என் கையாலதான் போச்சு."

நான் திகைத்துப்போனேன். பெரிய டாக்டர் திரும்பி வந்ததும் அவரிடம் ரஷீத் நடந்ததை நடந்தபடியே சொன்னார், அங்கே ஒளிக்கவில்லை. ஆனால் என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த அம்மா இனி அந்தப் பிள்ளைய வளக்கணும். மருமகளத் தானே கொன்னுட்டேன்னு நெனச்சிக்கிட்டு எப்படி வளப்பாங்க? இது வெளிய போக வேணாம்" என்றார். தலையாட்டினேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? லயத்துக்கு லயம் பேச்சுப் பரவியது. ரஷீத் தியேட்டரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வயிற்றுப் பிள்ளையோடு திரும்பிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல உள்ளே போவார். எங்களோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். அவருக்கும் அழைப்பு வந்தது. போகவில்லை. ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தார். அன்றிலிருந்து யாருக்கு மயக்கம் கொடுத்தாலும் முதலில் தன் சுட்டுவிரலைக் கடைவாய்க்குள் விட்டு, இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பார். கோட் போட்ட தோட்டத்துரை வந்தாலும் விடமாட்டார்.

சில வருடங்கள் கழித்து மூக்காயி வந்தாள். குடலிறக்கம் இறுகி, உடனே அறுக்க வேண்டிய நிலை. அன்று என் முறை. நான் பக்கத்தில் போனதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டு, அந்த டாக்டரய்யாவே மயக்கம் கொடுக்கட்டும் என்றாள். ரஷீத்தைக் கூப்பிட்டேன். அவர் வந்து வழக்கம்போலக் கடைவாய்க்குள் விரலை விட்டார். எதுவும் இல்லை. விரலை எடுத்ததும் அவள் பேசினாள்.

"அன்னையிலருந்து நான் வெத்தலை தொடுறதில்லைங்கய்யா. அவளுக்கு வாய்க்கரிசி போடறப்ப கடவாயில தேடிப் பாத்தேன். காணோம். அது எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க எனக்காகத்தான் மாத்திச் சொன்னீங்க. லயத்துல உங்களை ஏசினப்பெல்லாம் நான் பேசாம இருந்துட்டேங்க. பேத்தி மொகத்துக்குப் பயந்துக்கிட்டு இருந்துட்டேன்."

ரஷீத் அவள் நெற்றியில் கை வைத்தார். "நல்லாத்தான் செஞ்சீங்க. இப்ப தூங்குங்கம்மா" என்றார். சத்திர சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முடிந்தபின் கைகழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவாமலே நின்றார். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்காங்க. நான் செமந்ததால அவங்களுக்கு ஒரு துளி கொறையல்ல" என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அன்று மட்டும்தான். நான் போய்த் தண்ணீரை மூடினேன்.

மூக்காயி பிறகு கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். இப்போது ரஷீத்தும் போய்விட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கடைவாய்க்குள் போகும் இந்த விரல்தான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், ஏன் டாக்டர் இப்படி என்று கேட்டால், பழக்கம் என்று மட்டும் சொல்லிவந்தேன். இனி அவர் பெயரைச் சொல்வேன்.

செய்தி வந்த மறுநாள் காலையில், இங்கே வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுக்க ஒரு தோட்டத்துப் பெண்ணை மேசையில் கிடத்தியிருந்தார்கள். எதுவும் வாயில் இல்லை என்று சத்தியம் செய்தாள். விரலை விட்டேன். இடது பக்கம் சக்கை இருந்தது. வெட்கத்தோடு அதை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பு முடிச்சில் இன்னும் ஒரு வெற்றிலை இருக்கிறது, அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள் என்றாள். கண் விழித்ததும், பிள்ளையைக் கேட்பதற்கு முன்னால், தொண்டை கரகரக்க அந்த வெற்றிலையைத்தான் கேட்டாள்.

நாளைக்குத் தருகிறேன் என்றேன்.