கொம்தார் நிழலின் பெரியண்ணன்

பினாங்குத் தீவின் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் கார்த்திகேசுவைப் பார்த்தால், அவர் ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அண்ணனாக இருந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர், வாயைத் திறந்தால் இரண்டே வார்த்தை. வேலையிடத்தில் மெஷின் நின்றால் மட்டும் அவரைத் தேடுவார்கள், ஓடத் தொடங்கியதும் மறந்துவிடுவார்கள். ஆனால் இணையத்தில் அவர் பெயர் பெரியண்ணன். அந்தப் பெயரைக் கேட்டால் வக்கீலும் வாத்தியாரும் வாயை மூடிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

வீட்டுக்கு வீடு இணையம் வந்த புதிதில், ஊரின் வானுயர்ந்த கட்டடமான கொம்தாரின் பெயரில் 'கொம்தார் நிழல்' என்று ஒரு மன்றத்தை அவர்தான் தொடங்கினார். பினாங்குத் தமிழர்கள் யாரும் எதையும் கேட்கலாம், தெரிந்தவர் பதில் எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரைத் திருத்த எங்கே போவது, காவடிக்கு மயிலிறகு எந்தக் கடையில் கிடைக்கும், பழைய காரில் ஏசி ஏன் அனல் காற்று விடுகிறது. ஒரு கேள்விக்கும் அதன் பதில்களுக்கும் சேர்த்து ஒரு திரி என்று கணக்கு. சில திரிகளில் பேச்சு ஏசியில் தொடங்கி, மாமியார் வழியாகப் போய், மறுபிறவியில் முடியும். வேலை விட்டு வந்தால் கார்த்திகேசு அங்கேதான் குடியிருந்தார்.

மன்றத்துக்கு அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். முதலில் சேர்ந்தவர் அண்ணன் அல்லது அக்கா, பின்னால் வந்தவர் தம்பி, தங்கச்சி. வயது, பதவி, படிப்பு எதுவும் செல்லாது. நம் ஆட்களுக்கு முறை வைத்துக் கூப்பிடாமல் பேச்சே வராது. முகம் தெரியாத இடத்தில் யார் மூத்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஆரம்பத்தில் அது அமர்க்களமாக இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருவர், பெரிய வக்கீல் ஒருவரைத் 'தம்பி, பொறு' என்று அதட்டினார். வக்கீலும் 'சரிங்கண்ணே' என்று அடங்கினார். இன்னொரு சட்டமும் உண்டு. புகைப்படம் கூடாது, நேரில் சந்திப்பு கூடாது. முகம் தெரிந்தால் சாதி கேட்பார்கள், சம்பளம் கேட்பார்கள், பேச்சு கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. அதனால் அத்தனை பேருக்கு அண்ணனாக இருந்தும் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது.

அந்த மன்றம் இப்போது ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே கார்த்திகேசு அதைத் திறந்து பார்ப்பார். சூதாட்ட விளம்பரமும் முடி வளரும் தைலமும் வந்து விழுந்திருக்கும். அவற்றை அழித்துவிட்டு வேலைக்குப் போவார். ஏன் இப்படி ஆனது என்று கேட்டால், இந்தக் காலத்து ஆட்களுக்கு இரண்டு வரிக்கு மேல் படிக்கப் பொறுமை இல்லை என்பார். எல்லோரையும் கைப்பேசி தின்றுவிட்டது என்பார். தன் மேல் ஏதாவது தவறு இருக்குமோ என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை, ஏனென்றால் மன்றத்தை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார். கேட்டதையே கேட்டால் 'இது பேசி முடித்த விஷயம். தேடிப் பார்க்கவும்' என்று எழுதி, பழைய திரியின் முகவரியைக் கொடுத்து, புதிய திரிக்குப் பூட்டுப் போட்டுவிடுவார். மன்றத்தில் அந்தப் பூட்டுப் படங்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்க அவருக்குப் பெருமையாகக்கூட இருக்கும்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. போன தீபாவளிக்கு வெட்கத்தை விட்டு ஒரு திரி தொடங்கினார். 'யாராவது இருக்கீங்களா?' என்று ஒரே வரி. ஒரே ஒரு ஆள் 'இருக்கேன்ணே' என்று எழுதினால் போதும் என்றிருந்தது அவருக்கு. பொங்கல் வந்து போயிற்று. ஒரு குரலும் இல்லை. இனிமேல் மன்றத்தை மூடிவிட வேண்டியதுதான் என்று மனைவி நவமணியிடம் சொன்னார். எத்தனையோ வருடம் அந்த மன்றத்தோடு மல்லுக்கு நின்ற நவமணி, அன்றைக்கு அவருக்குக் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

தைப்பூசம் வந்தது. கணவனும் மனைவியும் காரைத் தொலைவில் நிறுத்திவிட்டு, தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார்கள். சாலையோரம் முழுக்கத் தண்ணீர்ப் பந்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. வெயில் மண்டையைப் பிளக்கவே, நவமணி ஒரு பந்தலில் ஒதுங்கினாள். மஞ்சள் டீ சட்டை போட்ட ஒரு பெண், சர்பத் போன்ற சிராப் தண்ணீர்க் குவளையை நீட்டி, "குடிங்கண்ணே" என்றாள்.

கார்த்திகேசு குவளையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். பந்தலின் நெற்றியில் பேனர் தொங்கியது. 'கொம்தார் நிழல் நண்பர்கள்.'

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாரோ அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தார். அதற்குள் அந்தப் பெண் ஐஸ் எடுக்கத் திரும்பினாள். அவள் முதுகில் 'கெப்பாலா பத்தாஸ் கிளி' என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்த இளைஞன் முதுகில் 'நட்டு போல்ட்டு'. அந்தப் பக்கம் குப்பைப் பை கட்டிக்கொண்டிருந்த பெரியவர் 'ஏழாம் நம்பர் பஸ்'. எல்லாம் அவர் மன்றத்துப் புனைபெயர்கள். இந்த நட்டு போல்ட்டோடு கார் என்ஜினைப் பற்றி அவர் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார். மாயமாகிவிட்டார்கள் என்று அவர் நினைத்த அத்தனை பேரும் கைக்கெட்டும் தூரத்தில், ஒருவரை ஒருவர் கேலி செய்து சிரித்துக்கொண்டு, குவளை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவரை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், முகம் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தானே.

அவர் பேனரையே பார்த்துக்கொண்டு நிற்க, நவமணிதான் பேச்சுக் கொடுத்தாள். அது என்ன கொம்தார் நிழல் என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். அந்தப் பெண் தன் பெயர் மோகனா என்றும், கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்தில் வேலை என்றும் சொன்னாள். இது ஒரு வாட்ஸ்அப் குழு. பல வருடமாக இருக்கிறது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோரும் போவார்கள், ஒருவர் படுத்தால் முறை வைத்து ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். அதற்கு முன்னால் இதே பெயரில் இணையத்தில் ஒரு மன்றம் இருந்ததாம், அங்கே பழகியவர்கள்தானாம் எல்லோரும்.

"அத ஏம்மா விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள் நவமணி.

மோகனா கொஞ்சம் தயங்கினாள். "அங்க ஒரு பெரியண்ணன் இருந்தாரு க்கா. நல்ல மனுஷன்தான் லா. அவரு எழுதுனதெல்லாம் இன்னும் எனக்கு மனப்பாடம். ஆனா எங்கப்பா தவறுன அன்னிக்கு, காரியத்துக்கு யாரக் கூப்பிடறதுன்னு தெரியாம அங்கதான் போய்க் கேட்டேன். பேசி முடிச்ச விஷயம், தேடிப் பாருன்னு பூட்டிட்டாரு."

அந்தத் திரி கார்த்திகேசுவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்து, சரியான பழைய பதிலைத் தேடிக் கொடுத்து, கையோடு பூட்டியது. எவ்வளவு சீக்கிரம் உதவிவிட்டோம் என்று அன்றைக்கு அவருக்கு ரொம்பத் திருப்தி.

"அதுல பதில் இருந்திச்சும்மா" என்றார். வாய் தவறி வந்துவிட்டது.

மோகனா அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டாள். "இருந்திச்சுண்ணே. ஃபோன் நம்பரெல்லாம் போட்டுத்தான் இருந்திச்சு. நான் என்ன நம்பருக்கா கேட்டேன்? யாராச்சும் ரெண்டு வார்த்த பேசுவாங்கன்னு கேட்டேன்."

பூட்டிய திரியில் யாரும் எழுத முடியாதே. அதனால் நட்டு போல்ட்டு, அதாவது யுகேந்திரன், அவளுக்குத் தனியாக எழுதிக் கைப்பேசி எண் கொடுத்திருக்கிறான். அப்புறம் இன்னும் சிலர். அன்றைக்கு இரவே அவர்கள் ஒரு குழு ஆகிவிட்டார்கள். அதன் பிறகு மன்றத்தில் யாருக்கு மனசு நொந்தாலும் அவரை மெதுவாக இந்தப் பக்கம் அழைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை, மன்றத்துச் சட்டப்படி எல்லோரும் 'தம்பி, தேடிப் பாரு' என்று விரட்டியிருந்தார்கள், அவர்கூட இங்கேதான் இருக்கிறாராம். பெரியண்ணனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் குழுவுக்கும் பூட்டுப் போட்டுவிடுவார் என்று யுகேந்திரன் சிரித்தான். கார்த்திகேசுவும் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு இத்தனை வருடம் காவல் இருந்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்தப் பெரியண்ணன் இப்ப என்ன பண்றாராம்?" நவமணி அவரைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"தெரியல க்கா. தீபாவளிக்கு, யாராவது இருக்கீங்களான்னு போட்டிருந்தாரு."

கார்த்திகேசு ஓரடி முன்னால் வந்தார். "நீங்க பாத்தீங்களா?"

"எல்லாருமே பாத்தோம்ணே. இவன் படம் பிடிச்சு குரூப்புல போட்டான். அன்னிக்கு முழுக்க அந்தப் பேச்சுதான், எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

"அப்ப ஏம்மா ஒருத்தரும் பதில் போடல?"

மோகனா யுகேந்திரனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான். "வேற யாராச்சும் போட்டிருப்பாங்கன்னு எல்லாருமே நெனச்சிட்டோம்" என்றாள். போடவில்லையா என்று அவரையே திருப்பிக் கேட்டாள். கார்த்திகேசு குவளையில் மீதியிருந்ததைக் குடித்து முடித்தார்.

அவர் முகத்தில் என்ன தெரிந்ததோ, யுகேந்திரன் பேச்சை மாற்றினான். குழுவில் இப்போது புதியவர்கள் அதிகம் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டான். வருகிறவர்கள் முதல் நாளே மயிலிறகு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்களாம், எத்தனை தடவைதான் சொல்வது, மேலே தேடிப் பார்க்கச் சொல்லிவிடுவார்களாம். பிறகு அவர்கள் பேச்சுமூச்சே இருக்காதாம். பழைய ஆட்களிலும் பலர் காலை வணக்கப் படம் அனுப்புவதோடு சரி. இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை இல்லை என்று அவன் சொன்னபோது, கார்த்திகேசு திடுக்கிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். தன் குரலையே யாரோ பதிவு செய்து போட்டுக் காட்டியது போலிருந்தது.

"நீங்களும் சேருங்களேன்" என்றாள் மோகனா. அவர் எண்ணைச் சொன்னார், பெயரையும் சொன்னார். கார்த்திகேசு என்ற பெயர் அவர்களுக்கு ஒன்றையும் சொல்லவில்லை. யுகேந்திரன் அங்கேயே அவரைச் சேர்த்துவிட்டு, கையைக் குலுக்கினான்.

"வாங்க தம்பி. வயச பாக்காதீங்க சார், கடைசியா வந்தவங்க தம்பிதான். இது எங்க சட்டம்."

இருவரும் காருக்குத் திரும்பினார்கள். நவமணிதான் ஓட்டினாள். சாலை முழுக்க ஜாம், கார் இரண்டு அடி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. சொல்லியிருக்கலாமே என்று அவள் மெதுவாகக் கேட்டாள். அந்த இடத்தில் எப்படிச் சொல்வது, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்றார் அவர். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது, ஆனாலும் அதற்கடியில் ஒரு சந்தோஷமும் இருந்ததை அவரால் மறைக்க முடியவில்லை. அவர்கள் அவரை மறக்கவில்லை. அவர் எழுதியது அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். சொல்லிவிட்டால் போதும், மீதியைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

கைப்பேசியை எடுத்தார். நீளமாக ஒரு மன்னிப்பு எழுதினார், அழித்தார். கடைசியில், தீபாவளியிலிருந்து தான் எதிர்பார்த்திருந்த அந்த ஒரு வார்த்தையோடு முடித்து எழுதினார்.

'நான்தான் பெரியண்ணன். இருக்கேன்.'

அனுப்பிய கையோடு சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவர் ஒன்றும் புரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மோகனாவிடமிருந்து ஒரு பதில் வந்தது.

'பெரியண்ணன் கதையக் கேட்டுட்டு வர்ற எல்லாரும் மொத நாளு இந்த ஜோக்கத்தான் சொல்றாங்க தம்பி. பேசி முடிச்ச விஷயம். மேல தேடிப் பாருங்க.'

என்ன போட்டிருக்கிறார்கள் என்று நவமணி கேட்டாள். கார்த்திகேசு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்காகவே தேடிப் பார்க்கலாம் என்று விரலால் திரையை மேலே தள்ளினார். புதிதாகச் சேர்ந்தவருக்கு வாட்ஸ்அப் பழைய பேச்சைக் காட்டாது; அவர் சேர்ந்த நேரத்துக்கு மேலே அதில் ஒன்றுமே இல்லை.