உப்புக்கொத்தியும் லுங்கிகளும்

பறவை பார்க்கப் போகிறவர்கள் எழுதுவதைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடியற்காலை, பனி, நிசப்தம், என்னையே மறந்துவிட்டேன் என்றெல்லாம் எழுதுவார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே எங்கள் முகத்துவாரத்தில் காலை வேளையில் வந்து நின்று பாருங்கள், மறக்க முடிகிறதா என்று. கால் எங்கே வைக்கிறோம் என்பதைக் கொஞ்சம் மறந்தாலும் செருப்பைக் கழுவிவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும்.

நான் பள்ளிக்கூட டீச்சர். ஐம்பதைத் தாண்டியவள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் லீவு நாட்களில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். ஆறு கடலில் சேரும் இடத்தில், எங்கள் கரைப்பக்கமாக ஒரு மணல்திட்டு உண்டு. எங்கோ வடக்கே, பனி கொட்டும் நாடுகளிலிருந்து வரும் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் அதில்தான் இறங்கும். கைக்குள் அடங்கிவிடும் பறவை. கொஞ்சம் ஓடும், டக்கென்று நிற்கும், ஈர மணலில் ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். இவ்வளவுதான். இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம் மட்டும்தான் எனக்கென்று இருக்கிறது. மீதியைப் பள்ளிக்கூடமும் அடுப்படியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் அந்தத் திட்டை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை.

"பறவ பாக்கணும்னா பிச்சாவரம் போயேன், போட்ல உக்காந்துகினு ஜம்முனு பாக்கலாம்" என்பார் வீட்டுக்காரர். போய்ப் பார்த்தாயிற்று. சுரபுன்னைக் காட்டுக்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குடும்பம் கூச்சல் போடும். படகு ஆடினால் ஒரு கூச்சல், ஆடாவிட்டால் ஆட்டச் சொல்லி ஒரு கூச்சல். அந்த இரைச்சலில் கொக்குகூட தங்காது.

எங்கள் முகத்துவாரத்தில் வேறு தொல்லை. அந்தக் கரை காலையில் ஆண்களுக்குச் சொந்தம். மீன்பிடிக்கிறவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் அந்நேரம் கடலில் இருப்பார்கள். இவர்கள் புதிதாக முளைத்த நகர்களிலிருந்து பைக்கில் வருகிறவர்கள். வீட்டில் டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம் இருக்கும். ஆனாலும் கடல்காற்று வாங்கிக்கொண்டு போனால்தான் சுகமாக இருக்குமாம். லுங்கியைச் சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் செல்போனோடு, அலை வந்து தொடுகிற இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பக்கத்து ஆளோடு அரசியல் பேசுவார்கள். பல வருஷமாக நான் அவர்களைப் பார்க்காததுபோல் நின்றேன், அவர்களும் என்னைப் பார்க்காததுபோல் இருந்தார்கள். போன வருஷம் சீட்டு எடுத்து ஒரு பைனாகுலர் வாங்கினேன். அதோடு வந்தது வினை.

முதல் நாளே ஒருவர் எழுந்து, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"யம்மா, என்னா பாத்துகினு இருக்க?"

"பறவ."

"பறவன்னா மேலதான பாக்கணும்? கண்ணாடி எங்க பக்கமே திரும்புது."

"உங்க ஆளுங்களுக்குப் பின்னாடிதான் உப்புக்கொத்தி ஓடுது. நான் என்ன பண்ண?"

"ஆம்பளைங்க வந்து போற எடம்மா இது. தூரக்கண்ணாடிய வச்சிகினு ஒரு பொம்பள நின்னா நல்லாவா இருக்கு? வயசுக்குத் தகுந்தாப்ல நடந்துக்க."

"நீங்களும் வயசுக்குத் தகுந்தாப்ல வீட்டுல போங்க" என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவரும் இன்னொருவரும் கேட்டில் நின்றார்கள். சலவைச் சட்டையும் வேட்டியுமாக இருந்ததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், வீட்ல கொஞ்சம் சொல்லி வைங்க. ஊர்ல ஒரு மாதிரியா பேசுறாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, நான் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் காப்பியைக் கொடுத்ததற்கு இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம்.

"கொஞ்ச நாளைக்கு அந்தக் கண்ணாடிய பீரோவுல வையேன். எனக்கு வெளிய தல காட்ட முடியல" என்றார் இவர்.

"உக்காந்தவனுக்கு இல்லாத வெக்கம் நின்னவளுக்கு எதுக்கு?" என்றேன்.

அரையாண்டு லீவு விட்டதும் நான் தினமும் போனேன். அதுவரை உண்மையிலேயே பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர்களையே பார்த்தேன். வரிசையின் ஒரு கோடியில் ஆரம்பித்து, அவசரப்படாமல், ஒவ்வொரு தலையாக. பரீட்சை ஹாலில் பிட் வைத்திருப்பவனை நோக்கி நடந்துபோகிற பழக்கம் எனக்கு எத்தனையோ வருஷமாக உண்டு, அந்த நிதானம் எனக்குக் கைவந்தது. முதலில் முறைத்தார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். இன்னொருவர் போனைத் தூக்கி என்னை வீடியோ எடுத்தார். எந்தக் கோலத்தில் உட்கார்ந்துகொண்டு எடுக்கிறோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், போனைக் கீழே இறக்கிவிட்டார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். புது வருஷம் பிறப்பதற்குள் கரை காலியாகிவிட்டது. அந்தச் சில நாட்கள் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. திட்டு முழுக்கப் பறவை. அலை பின்வாங்கினால் மொத்தமாக அதன் பின்னால் ஓடும், அலை திரும்பினால் மொத்தமாக ஓடி வரும். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை நான் போகும்போது திட்டில் பெண்கள் இருந்தார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்துப் பெண்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. பறவைகள் கூட்டமாக எழும்பி ஆற்றைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்விட்டன. அங்கே போகப் பாலம் கிடையாது. பைனாகுலரில் பார்த்தாலும் எள்ளைத் தூவியதுபோல்தான் தெரிந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா அந்தக் குப்பம்தான். அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போகக் கூடாதா? அந்தத் திட்டுலதாம்மா பறவ உக்காரும்."

அவள் கெளுத்தியின் முள்ளை ஒடித்துக்கொண்டே பேசினாள். "சவுக்குத் தோப்பு இருந்தவரைக்கும் இருட்டோட அங்க போயிட்டு வந்தோம் டீச்சர். இந்த வருசம் அத வெட்டிட்டாங்க. வூட்டுக்கு வூடு கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்காங்க, மழ பேஞ்சா மண்ணுக்குள்ள தண்ணி ஏறிக்குது, உள்ள போனது மேல வந்துடுது. கரையில இந்த ஆம்பளைங்க. பொழுது சாயிற வரைக்கும் அடக்கிகினு கெடந்தோம். நீங்க கண்ணாடியோட நிக்கிறதால ஒருத்தனும் வர்றதில்ல. தெனம் வாங்க, ஆமா."

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. இதற்காகவா ஊர்ப் பகை முழுவதையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்? தினம் வர நான் என்ன வாட்ச்மேனா? இதையெல்லாம் அவளிடம் கேட்க முடியாது, கேட்கவும் இல்லை. மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். பறவை இல்லாத கரையில் எனக்கு என்ன வேலை என்று போவதை நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரருக்கு நிம்மதி.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அந்த அம்மா வந்தாள். கையில் கூடை இல்லை. கேட்டுக்கு வெளியேயே நின்றாள்.

"ஏன் டீச்சர் வர்றதில்ல?"

"பறவ இல்ல. எதுக்கு வரணும்?"

"அதுக்கு எதிர்க்கரை இருக்கு, போயிடுச்சி. அவனுங்க மறுபடி வந்துட்டானுங்க. நேத்து எம்பொண்ணு போயிருந்தா. அவனுங்கள்ல ரெண்டு பேரு செல்போன எடுத்துகினு சிரிச்சானுங்களாம். பாதியில எழுந்து ஓடியாந்துட்டா. ராவுலேருந்து சோறும் தின்ல, தண்ணியும் குடிக்கல. குடிச்சாதான போவணும்னுது."

எனக்குக் கோபம் வந்தது. அந்த இரண்டு பேர்மேல், கக்கூஸ் குழியை மணலில் தோண்டியவன்மேல், தோப்பை வெட்டியவன்மேல், எதிர்க்கரைக்குப் போன பறவைகள்மேல்கூட. எல்லாரையும்விட, என் வீட்டு வாசலில் வந்து நின்று என்னைக் கேட்ட அவள்மேல் அதிகமாக. "சரி, போ" என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடப் புடவையைக் கட்டிக்கொண்டு பொழுது விடியும்போதே போனேன். திட்டுக்கும் ஆற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, பைக் வரும் பாதையைப் பார்த்து பைனாகுலரைத் தூக்கி நின்றேன். எனக்குப் பின்னால் பிள்ளைகளின் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன. பைக்குகள் தூரத்திலேயே திரும்பிப் போயின.

பங்குனியில் உப்புக்கொத்திகள் தங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டன. நான் இன்னமும் போய்க்கொண்டிருக்கிறேன். திட்டிக்கொண்டேதான் போகிறேன்.