உப்பு மனிதனின் கடைசி நான்கு நிமிடங்கள்

மரியதாஸ் இறந்துவிட்டார். காலை ஏழரைக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது.

முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்குப் பின்னால் சீடி கடை வைத்திருந்தவர். கடையின் பின்னறையில் உட்கார ஆறு வாங்கு, ஒரு டீவி, வெளியே ஒரு ஜெனரேட்டர். சமாதான காலத்தில் அந்த ஊர் ஆங்கிலப் படம் பார்த்தது அங்கேதான்.

நண்பர் என்று எழுதமாட்டேன். அவருடைய ரசனை படுமோசம். ஆள் இறந்துவிட்டார் என்பதற்காக அந்தக் கருத்தைத் திருத்துவது முறையல்ல.

அப்போது நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளர். மூலத்தில் உள்ளது மொழிபெயர்ப்பில் இருக்கவேண்டும், இல்லாதது இருக்கக்கூடாது. கடிதமானாலும் காமிக்ஸானாலும் எனக்கு அதுதான் விதி.

சூப்பர்ஹீரோ கதை எழுதுபவர்களில் பெரும்பாலானோரை நான் மதிப்பதில்லை. ஓர் இதழில் நாயகனைக் கொல்வார்கள். கறுப்பு அட்டை போட்டு விற்பார்கள். ஆறாம் மாதம் வேறு நிற உடுப்பில் எழுப்பிவிடுவார்கள்... சாவுக்கே மரியாதை இல்லாத தொழில்.

'உப்பு மனிதன்' எழுதியவர் விதிவிலக்கு. மொத்தம் ஏழே இதழ். உடல் முழுக்க உப்பாலான ஒருவன், தண்ணீர் பட்டால் கரைவான். ஏழாவதில், மூழ்கும் படகிலிருந்தவர்களைக் காப்பாற்றக் கடலில் இறங்குகிறான். கடைசிப் பக்கத்தில் வெறும் கடல். ஒரு சொல்கூட இல்லை.

மரியதாஸுக்கு அந்த ஏழையும் உறை போட்டு இரவல் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தன. ஏழாவதன் உறை பிரிக்கப்படவே இல்லை.

"ஆறோட நிப்பாட்டிட்டன் சேர். ஆறில ஆள் உசிரோட இருக்கிறான்தானே."

இதுதான் அவருடைய விமர்சன முறை.

படமாக எடுத்தவர்களோ இன்னும் மோசம். அந்த வெறும் கடலைத் தாங்கும் துணிவு அவர்களுக்கு இல்லை. கடைசி நான்கு நிமிடத்தில் அவன் கரைக்கு நடந்து வருகிறான். தலைமுடி நனையவில்லை. அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக் கிழவி கரையில் நிற்கிறாள். அவளிடம் நீதியைப் பற்றி இரண்டு நீண்ட வசனம் பேசுகிறான்.

தியேட்டரில் ஓடவில்லை. பிறகு 'கல்ட் படம்' என்று தலையில் தூக்கி வைத்தார்கள். ஓடாத படத்துக்கு இப்படியொரு மரியாதைப் பெயர் கிடைப்பது வசதிதான்.

வெள்ளிக்கிழமைகளில் மரியதாஸ் அதைப் போடுவார். டீவிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வார். அமெரிக்கத் துறைமுகம் எங்கள் கொக்கிளாய்க் கடற்கரை ஆகிவிடும். வில்லன் மீன் முதலாளி ஆகிவிடுவான். சீடி சிக்கி நின்றாலும் கதை நிற்காது.

அதையெல்லாம் பொறுத்தேன். ஆனால் முடிவில், திரையில் அவன் நீதி, கடமை என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, மரியதாஸ் சொன்னது இவ்வளவுதான்:

"சோறு இருக்கே அம்மா?"

வாங்கிலிருந்து எழும்பினேன். "அவன் சோத்தைப் பற்றிக் கதைக்கேல்லை. அந்தக் கிழவி அவன்ர தாயுமில்லை."

"தெரியும் சேர்."

"புத்தகத்தில அவன் வாறதேயில்லை. எழுதினவர் அப்பிடித்தான் முடிச்சிருக்கிறார்."

"எழுதினவனுக்குக் கடல் தெரியாது சேர்."

"படம் எடுத்தவனுக்கு மட்டும் தெரியுமோ?"

"அவனுக்கும் தெரியாது. அதாலதானே நான் சொல்லுறன்."

எல்லோரும் சிரித்தார்கள். "அடுத்த முறை சேர் சொல்லட்டும், நாங்களும் இங்கிலீசு படிப்பம்" என்றது பின் வாங்கிலிருந்து ஒரு குரல்.

சொன்னேன். அடுத்த வெள்ளி, குறிப்பேட்டோடு போய். ஒரு வரி கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாதிப் படத்தில் இரண்டு வாங்கு காலி. நீதி வசனம் இரண்டையும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். பிறகு, முழுமை கருதி, இதையும் சேர்த்துச் சொன்னேன்.

"உண்மையான கதையில அவன் திரும்பி வாறேல்லை. கடலோட சரி."

முன் வாங்கில் பிலோமினா என்றொரு அம்மா இருந்தார். வெள்ளி தவறாமல் வருவார், பெரும்பாலும் படம் முடிகிற நேரத்துக்குத்தான். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பிப் போனார்.

மரியதாஸ் ஜெனரேட்டரை நிற்பாட்டிவிட்டு வந்தார்.

"அது என்ர அக்கா சேர். மகன் கடலுக்குப் போய் மூண்டு வருசம். இன்னும் வரேல்லை."

எனக்குத் தெரியாது என்றேன்.

"ஓம், தெரியாதுதான். நீங்கள் புத்தகத்தில இருந்ததைத்தானே சொன்னனீங்கள்."

அந்த அம்மா பிறகு வரவில்லை. அந்தப் படமும் பிறகு ஓடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சீடி கீறுப்பட்டுப்போச்சு என்று மரியதாஸ் சொன்னார். மறுபடி சண்டை தொடங்கிப் பாதை மூடிய பிறகு நான் வவுனியாவுக்கு வந்துவிட்டேன்...

இன்று காலை அழைத்தவர் பிலோமினா அம்மா.

"தம்பி மோசம் போயிட்டான் சேர்."

அவரே தொடர்ந்தார்.

"முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அந்தப் படத்தைப் போடுவம் எண்டு இருக்கிறம். சீடி அவன்ர பெட்டிக்குள்ள இருந்தது. ஒரு கீறல் இல்லை. கதை சொல்லத்தான் ஆளில்லை. நீங்கள் வருவியளோ?"

"வாறன் அம்மா."

"முடிவு எனக்குத் தெரியும் சேர். எண்டாலும்..."

"விளங்குது அம்மா."

மரியதாஸ், அந்தப் படம் குப்பை. அதில் மாற்றமில்லை. நனையாத அந்தத் தலைமுடியையும் நான் மன்னிக்கவில்லை.

பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி நான்கு நிமிடத்துக்குரிய தாளைக் கிழித்துவிட்டேன். ஒரு வரிதானே... பார்க்காமலே சொல்லலாம்.

போயிட்டு வாங்கோ.