என் மகளின் நடுக்கம்

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. வயசுப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கணவர் எங்கள் ஊர்ச் சபையில் ஆராதனை நடத்தும் உபதேசியார். பாளையங்கோட்டையில் தங்கிப் படித்த எங்கள் மகள் எஸ்தருக்கு அப்போது வயது பதினாலு. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்தாள். அந்த நாளில் பிள்ளைகள் சபைக்கு முன்னால் நின்று வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றை ஒப்புவிப்பது வழக்கம். அவள் முறை வந்ததும் என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

“அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்கு. மூச்சு முட்டுது. இன்னைக்கு வேண்டாம்மா.”

பின்னாலிருந்து என் நாத்தனார் சிரித்தாள். “என்ன மதினி, உபதேசியார் மவளுக்கே சங்கீதம் வரலையாக்கும்?”

எனக்கு மானம் போயிற்று. “விசுவாசம் இருந்தா பயம் எப்படி வரும்? எந்திரி ஏட்டி, எல்லாரும் உன்னத்தான் பாக்காவ” என்று தள்ளிவிட்டேன்.

போய் நின்றாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பாவாடை நனைந்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பத்து வருஷமாக, வாசலில் ஆள் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குள் போய்விடுகிறாள்.

அந்த வயதில் எனக்கும் இதே படபடப்பு இருந்தது. போன மாதம்தான் அதை அவளிடம் சொன்னேன்.

“இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லாம்மா” என்றாள்.

நானும் பயந்தவள்தான் என்று சொல்ல அன்று எனக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்கு என் பிள்ளையின் வாழ்க்கை போயிற்று.