ஐந்து உறைகளுக்குக் கால் பங்கு தள்ளுபடி

வாசலில் யாராவது வந்து நின்றாலும் சரி, போன் அடித்தாலும் சரி, உறையக்கா முதலில் செய்வது ஒன்றுதான். தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்துவாள். ஊசி உள்ளே நின்றால் துணி நகராது. எத்தனை நேரம் பேசினாலும் விட்ட இடத்திலிருந்து தைக்கலாம். வந்தவர் வாடகை கேட்பவராக இருந்தால் மட்டும் ஊசி மேலேயே நிற்கும். இதைப் பல வருடங்களாகப் பார்த்து வைத்திருக்கிற தம்பி மனைவி, “ஊசி இறங்கிடுச்சா? அப்போ உக்காரலாம்” என்று சொல்லிக்கொண்டேதான் உட்காருவாள்.

உறையக்கா தைப்பது வீட்டுச் சாமான்களுக்கான உறைகள். மிக்சிக்கு, மேசை விசிறிக்கு, ஓவனுக்கு, துணி துவைக்கும் மிஷினுக்கு. “மனுஷங்களுக்குச் சட்டை தைக்க வராதா அண்ணி?” என்று தம்பி மனைவி ஒருமுறை கேட்டாள்.

“வரும். ஆனா மிக்சி, கழுத்து இறக்கம் சரியில்லன்னு சண்டைக்கு வராது பாரு.”

அப்பா படுத்த படுக்கையானபோது பாதியில் விட்டது பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு தம்பியைப் படிக்க வைத்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனது. தம்பி இப்போது நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். இவளுக்கு மாடியில் ஒற்றை அறை. ஒரு ஜன்னல், ஒரு மிஷின், கட்டிலுக்கு அடியில் துணிச் சுருள்கள். கூட்டத்தில் நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும் ஆள். அதனால் தனியாக இருப்பது அவளுக்குப் பொருத்தம்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

இணையத்தில் கடை திறந்து கொடுத்தது தம்பி மனைவி. படம் பிடித்துப் போடுவது, பணம் வரவு பார்ப்பது, பார்சல் அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. அளவு கேட்க மட்டும் உறையக்காவின் எண்ணைப் போட்டிருந்தாள். வாங்குபவர்கள் அநேகமாக நீளம், அகலம், உயரத்தைத் தட்டி அனுப்பிவிட்டு அதோடு சரி. ஒரே ஓர் அம்மா மட்டும் போன் செய்வார். வேறு ஊரில் தனியாக இருப்பவர். வீட்டில் அளவு நாடா கிடையாது. எதையும் கையை விரித்துச் சாணில்தான் அளப்பார்.

“ஏம்மா, விசிறி ரெண்டு சாண், அப்புறம் ஒரு கட்டை விரல்.”

“பெரிய விரலாக்கா, சின்ன விரலாக்கா?”

“எங்கிட்ட இருக்கறதே ஒரு அளவுதாம்மா! பாத்துப் போட்டுக்கோ.”

மாதம் ஓர் உறை. இந்த மாதம் மிக்சி என்றால் அடுத்த மாதம் விசிறி. ஒவ்வோர் உறைக்கும் போன் மூன்று நான்கு முறை வரும். அளவு சொல்ல ஒன்று, சொன்ன அளவைத் திருத்த ஒன்று, பூப்போட்ட துணியா கோடு போட்டதா என்று கேட்க ஒன்று. பேச்சு துணியில் தொடங்கி முழங்கால் வலிக்குப் போகும், மழைக்குப் போகும். “எங்க வீட்டுக்காரருக்கு ஒருத்தருக்குத்தான் நான் உறை போடல. இருந்திருந்தா அளவெடுக்க நிப்பாரா என்ன? ஒரு இடத்துல நின்ன மனுஷனா அது!” என்று சிரிப்பார். உறையக்காவும் சிரிப்பாள். அறையில் தன் சிரிப்பு கேட்பது அவளுக்கே புதிதாக இருக்கும்.

வியாபாரம் மந்தமான சமயத்தில் தம்பி மனைவி ஒரு யோசனையோடு வந்தாள். “எல்லாரும் ஒண்ணொண்ணா வாங்குறதால பார்சல் செலவே லாபத்தைத் தின்னுடுது அண்ணி. அஞ்சு உறை சேர்த்து எடுத்தா கால் பங்கு தள்ளுபடின்னு போட்டுட்டேன்.”

தலையை ஆட்டும்போது உறையக்காவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தபோதுதான் உறைத்தது.

“ஏம்மா, அஞ்சு சேர்த்தா குறையுதாமே? எனக்கு இன்னும் அஞ்சுதான் பாக்கி. ஓவன், துணி துவைக்கறது, இஸ்திரி மேசை, தண்ணி சுத்தம் பண்ற மிஷின், அப்புறம் பரண்ல கெடக்கற சூட்கேஸ். ஒரேயடியா வாங்கிடட்டுமா?”

வேண்டாம் அக்கா, மாதம் ஒன்றாகவே வாங்குங்கள், அதே தள்ளுபடி விலைக்கு நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

“சேர்த்து வாங்கினா உங்களுக்கு லாபந்தான் அக்கா.”

“அப்படியா? சரி, நீயே சொல்லிட்டே. வாங்கிடறேன்.”

நான்கு உறைகளை ஒழுங்காகத் தைத்தாள். ஐந்தாவது ஓவன் உறை. வெட்டும்போது சுண்ணக்கட்டியால் போட்ட கோட்டை விட்டு, இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிக் கத்தரியை ஓட்டினாள். வேலை தெரிந்த கை, தவறி நடக்கவில்லை. உறை ஏறாது. ஏறாவிட்டால் போன் வரும். திட்டினாலும் பரவாயில்லை. மறுபடி அளவு, மறுபடி விரல், மறுபடி பூவா கோடா.

பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தம்பி மனைவி சொன்னாள். அன்றிலிருந்து உறையக்கா குளிக்கப் போனாலும் போனைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டுத்தான் போனாள். போன் வந்தது. கடன் வேண்டுமா என்று கேட்டார்கள்.

ஒரு சாயங்காலம் தம்பி மனைவி படியேறி வரும்போதே வாயெல்லாம் பல். “அண்ணி, உங்க சாண் கணக்கு அம்மா அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காங்க! என்ன எழுதியிருக்காங்க கேளுங்க. ‘நான்கும் கச்சிதம். ஓவன் உறை மட்டும் ஏறவில்லை. அளவை நான்தான் தப்பாகச் சொல்லியிருப்பேன். தைத்த பெண்மேல் குறை இல்லை. அவளைச் சும்மா சும்மா தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.’ எவ்வளவு தங்கமான மனசு பாருங்க!”

உறையக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். காற்று ஒன்றும் பலமாக இல்லை.

மறுநாள் சரியான அளவில் இன்னோர் ஓவன் உறை தைத்து, மடித்துக் கொடுத்தாள்.

“அவங்க கேக்கவே இல்லையே அண்ணி. காசு?”

“காசு வேண்டாம். அனுப்பு.”

“தொழில் பண்றோமா, தர்மம் பண்றோமா?”

“அனுப்புன்னா அனுப்பேன்.”

அண்ணி குரலை உயர்த்தித் தம்பி மனைவி அதுவரை கேட்டதில்லை. உறையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். நான்கைந்து நாளில் உறை போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து, ‘மிக்க நன்றி’ என்று ஒரு வரி தம்பி மனைவியின் போனுக்கு வந்தது.

இப்போது வியாபாரம் நன்றாகப் போகிறது. ஐந்து ஐந்தாகத்தான் வாங்குகிறார்கள். அளவுப் பட்டியல் ஒன்றைத் தம்பி மனைவி கடைப் பக்கத்திலேயே போட்டுவிட்டதால் யாரும் போன் செய்ய வேண்டியதில்லை. அந்த அம்மாவின் வீட்டில் உறை போடாத சாமான் எதுவும் இல்லை. அவர் எண் உறையக்காவின் போனில் இருக்கிறது. இதுவரை அவள் அழைக்கவில்லை.