நான் வெள்ளையடித்த சுவர்

நான்கு வருடத்துக்கு முன், ஒரு பங்குனி மாதம். அப்போது நான் பார்க்டேல் என்ற நகர்ப்பகுதியில் ஒரு பழைய அப்பார்ட்மென்ட் கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பர் வேலை பார்த்தேன். குழாய் ஒழுகினாலும் கதவு பூட்டாவிட்டாலும் எல்லாரும் என்னைத்தான் தேடுவார்கள். என் வேலை சுத்தமானது என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மூன்றாம் மாடியில் ஒரு கறுப்பின முதியவர் தனியாக இருந்தார். நன்றாகக் கிற்றார் வாசிப்பார். அவருடைய ஹோல் சுவர் ஒன்று முழுக்கப் பென்சில் கிறுக்கல். நடுவில் வளைந்து வளைந்து ஓர் ஆறு, இரண்டு பக்கமும் பொடி எழுத்துகள். பெயின்ற் அடிக்கவா என்று கேட்டால் கையை ஆட்டி மறுத்துவிடுவார். வயது போனால் பிடிவாதமும் கூடும்தானே என்று விட்டுவிட்டேன். ஒருநாளும் கிட்டப்போய் வாசித்ததில்லை.

பங்குனியிலும் விடாத அந்தக் குளிரில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வன்கூவரில் இருக்கும் மகள், சனிக்கிழமை வந்து சாமான்களை எடுப்பதாகப் போன் செய்தார். மனைவியிடம் சொன்னேன்.

"பாவம், தகப்பன் செத்த வீட்டுக்க அந்தப் பிள்ளை தனிய வரப்போகுது. உப்பிடியே ஊத்தையா விடப்போறியளே? கழுவி, வெள்ளையடிச்சு விடுங்கோ."

"ஓம், நானும் அதைத்தான் யோசிச்சனான்."

செத்தவீடு நடந்தால் வீடு முழுக்கக் கழுவித் துடக்குக் கழிப்பது எங்கள் வழக்கம். ஒருவரும் கேட்காமலே, என் லீவு நாளில், இரண்டு கோட் பெயின்ற் அடித்தேன். அந்தக் கிறுக்கல் சுவர் பளிச்சென்று இருந்தது.

மகள் ஒரு தடித்த கொப்பியோடு வந்தார். சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், மடையன்.

அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அந்த ஆறு மிசிசிப்பியாம். இந்த மகளின் பாட்டனார், அதாவது முதியவரின் தகப்பன், அதன் கரையில் பருத்தி எடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். புளூஸ், ஜாஸ் என்று இன்றைக்கு உலகம் கொண்டாடுகிற பாட்டுகளுக்கு வேர் அந்த மண்தானாம். எந்தப் பாட்டை எந்தத் தோட்டத்தில், ஆற்றுக்கு அணை கட்டிய எந்த முகாமில், கைதிகளை வேலை வாங்கிய எந்தச் சிறைப் பண்ணையில் பாடினார்கள், பாடியவர்களில் யார் திரும்பி வரவில்லை என்று பாட்டனார் தன் மகனான அந்த முதியவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். முதியவருக்கு மறதி வரத் தொடங்கியதும், கடதாசி என்றால் தொலைந்துவிடும் என்று சுவரில் எழுதினாராம். அதைப் பார்த்து எழுதத்தான் இவர் கொப்பியோடு வந்திருக்கிறார்.

நான் சுவரடிக்கு ஓடினேன். ஈரத்துணியால் தேய்த்தேன், பிளேட்டால் சுரண்டினேன். பெயின்ற்றோடு சேர்ந்து பென்சிலும் உரிந்து வந்தது. கடைசியில் மகளே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு கொப்பியை என்னிடம் நீட்டி, நீ எத்தனையோ தடவை இந்த அறைக்குள் வந்திருப்பாய், ஞாபகம் உள்ளதை எழுது என்றார். ஆற்றை வரைந்தேன். ஒரு பெயரும் வரவில்லை. ஒன்றே ஒன்றுகூட வரவில்லை. அவர் கொப்பியை வாங்கி மூடினார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நானும் ஊரை விட்டு ஓடிவந்த அகதிதான். என் ஊர்ப் பெயரை இங்கே யாராவது பிழையாகச் சொன்னாலே எனக்குக் கோபம் வரும். அப்படிப்பட்ட நான், இன்னொரு குடும்பத்தின் ஊர்களை எல்லாம் அவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து என் கையாலேயே அழித்தேன் என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.